வீட்டில் ஓடும் பிட்காயின் நோடு ஏன் அடிக்கடி நின்றுபோகிறது? கேள்விகளும் பதில்களும்

ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினி, பழைய மடிக்கணினி, சிறிய மேசைக்கணினி என ஏதோ ஒன்றில் பிட்காயின் கோர் மென்பொருளை நிறுவி, வீட்டிலேயே முழு நோடு ஒன்றை இரவும் பகலும் ஓடவிடுபவர்கள் சந்திக்கும் கோளாறுகள் பெரும்பாலும் ஒரே சில இடங்களிலிருந்துதான் வருகின்றன. மென்பொருளின் பிழையால் நிற்கும் நோடுகள் குறைவு. மின்சாரம், சேமிப்பகம், இணைய இணைப்பு ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று சரியில்லாமல் நிற்பவையே அதிகம். நோடை நிறுவுவது எப்படி என்பதை இங்கே எழுதவில்லை. நிறுவிய பின் வரும் தொல்லைகளைப் பற்றியே பேச்சு.

நோடு நின்றுபோனால் என் பிட்காயினுக்கு ஆபத்தா?

இல்லை. முழு நோடு என்பது 2009 ஜனவரியில் தொடங்கி இன்றுவரை வந்த ஒவ்வொரு பிளாக்கையும் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு) தானே இறக்கி, விதிகளின்படி சரிபார்த்து, இன்னும் செலவழிக்கப்படாத தொகைகளின் பட்டியலைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் நிரல். அந்தத் தரவு முழுவதும் உலகெங்கும் உள்ள மற்ற நோடுகளிடமும் இருப்பதால், உங்கள் வட்டே எரிந்துபோனாலும் திரும்பப் பெறலாம். செலவாவது நேரமும் இணையத் தரவும்தான். திரும்பப் பெற முடியாதவை இரண்டு. ஒன்று, அதே கணினியில் வைத்திருக்கும், பணத்தைச் செலவழிக்கும் சாவிகள் அடங்கிய வாலெட் கோப்பு. மற்றொன்று, பிட்காயினை விரைவாக அனுப்ப அதன்மேல் இயங்கும் லைட்னிங் வலைப்பின்னலில் நீங்கள் திறந்திருக்கும் சானல்களின் (இருவருக்கிடையிலான பணவழி) நிலை. பிளாக்குகளின் சங்கிலியான பல நூறு ஜிபி பிளாக்செயினுக்குப் பேக்கப் எடுத்துவிட்டு, சில எம்பி அளவுகூட இல்லாத வாலெட் கோப்பை விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். அதைவிட மோசமானது, தரவுத்தளம் கெட்ட எரிச்சலில் கோப்புறை முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்குவது. வாலெட்டும் அதே கோப்புறைக்குள் இருப்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை. எதை அழிப்பதானாலும் முதலில் வாலெட்டை வேறிடத்துக்கு நகலெடுத்துவிடுங்கள்.

மின்சாரம் போய் வந்ததும் தரவுத்தளம் சேதமடைந்துவிட்டதாகச் சொல்கிறது. ஒரு நொடி மின்தடை இவ்வளவு கெடுக்குமா?

மின்தடை மட்டும் கெடுப்பதில்லை. அதற்கு வட்டும் துணைபோக வேண்டும். செலவழிக்கப்படாத தொகைகளின் பட்டியலை பிட்காயின் கோர் ‘லெவல்டிபி’ என்ற தரவுத்தளத்தில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு பிளாக் வரும்போதும் ஏற்படும் மாற்றங்கள் உடனே வட்டுக்குப் போவதில்லை. முதலில் நினைவகத்தில் சேர்கின்றன. ஒதுக்கிய இடம் நிறைந்ததும், அல்லது குறிப்பிட்ட நேரம் கழிந்ததும் மொத்தமாக எழுதப்படுகின்றன. பழைய பதிப்புகளில் இந்த இடைவெளி 24 மணி நேரம் வரைகூடப் போகும். திடீரென மின்சாரம் நின்றால் நினைவகத்தில் இருந்தது போய்விடும், ஆனால் மறுபடி தொடங்கும்போது நோடு கடைசியாக எழுதிய இடத்திலிருந்து பிளாக்குகளை மீண்டும் ஓட்டிச் சரிசெய்துகொள்ளும். 2017இல் வந்த 0.15 பதிப்பிலிருந்து, எழுதும் நடுவில் நின்றாலும் மீளும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள்.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கிறது: ‘எழுதிவிட்டேன்’ என்று வட்டு சொன்னால் அது உண்மையாகவே எழுதியிருக்க வேண்டும். விலை குறைந்த எஸ்எஸ்டிகளும், அவற்றை யூஎஸ்பியில் இணைக்கும் மலிவான உறைகளும் சில நேரங்களில் தங்களது தற்காலிக நினைவகத்திலேயே தரவை வைத்துக்கொண்டு ‘முடிந்தது’ என்று பதில் சொல்லிவிடுகின்றன. அந்த நேரத்தில் மின்சாரம் போனால், பின்னால் எழுதியது இருக்கும், முன்னால் எழுதியது இருக்காது; மறுநாள் காலை ‘செக்சம்’ என்ற சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை என்ற பிழைச் செய்தி வந்து நிற்கும். எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைத்த வெளிவட்டில் இந்த அபாயம் இன்னும் கூடுதல், ஏனென்றால் அந்தக் கோப்பு முறைமைக்கு மாற்றங்களைக் குறித்துவைக்கும் ‘ஜர்னல்’ கிடையாது. லினக்ஸில் ஓட்டுபவர்கள் இஎக்ஸ்டி4 வைத்துக்கொள்வதே நல்லது.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. தனியாக யுபிஎஸ் வாங்க வேண்டுமா?

முதலில் நோடு செருகியிருக்கும் பிளக் பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று பாருங்கள். நம் வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் மட்டும் இன்வெர்ட்டரில் இருக்கும்படி வயரிங் செய்திருப்பது வழக்கம். அடுத்தது, மாறும் நேரம். மின்சாரம் போனதை உணர்ந்து பேட்டரிக்கு மாற இன்வெர்ட்டருக்குச் சில மில்லிநொடிகள் ஆகும். மேசைக்கணினியின் பவர் சப்ளை முழுச் சுமையில் ஏறக்குறைய 16 மில்லிநொடிதான் தாக்குப்பிடிக்கும்படி அமைந்திருப்பது. பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் ‘யுபிஎஸ் மோட்’ என்றொரு ஸ்விட்ச் இருக்கும். அதைப் போட்டால் மாற்றம் விரைவாக நடக்கும். அதைப் போட்ட பிறகும் மெயின் ஸ்விட்சை அணைக்கும்போது கணினி ரீஸ்டார்ட் ஆனால், யுபிஎஸ் தேவை என்று பொருள்.

யுபிஎஸ் வாங்குவதென்றால் யூஎஸ்பி போர்ட் உள்ளதாக வாங்குங்கள். அது இல்லாத யுபிஎஸ், பேட்டரி தீரப்போவதைக் கணினிக்குச் சொல்ல முடியாது. மின்தடை நீண்டால் பதினைந்து நிமிடம் தள்ளி அதே விபத்து நடக்கும், அவ்வளவுதான். யூஎஸ்பி இணைப்பு இருந்தால் ‘நட்’ என்ற இலவச மென்பொருள் பேட்டரியைக் கவனித்து நோடை முறையாக நிறுத்திவிடும். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் சிறிய யுபிஎஸ் தனியாகவே கிடைக்கிறது.

என்னைக் கேட்டால் இவை எல்லாவற்றையும்விட மலிவான வழி, ஒரு பழைய மடிக்கணினியை நோடாக்குவது. யுபிஎஸ் அதற்குள்ளேயே இருக்கிறது. மூடியை மூடினாலும் தூங்காதபடி அமைப்பை மாற்றி, பேட்டரி எப்போதும் 100 விழுக்காட்டில் நின்று உப்பிவிடாமல் 60 அல்லது 80 விழுக்காட்டோடு சார்ஜ் நிற்கும்படி வரம்பு வைத்துவிட்டால் போதும்.

ராஸ்பெர்ரி பை காரணமே இல்லாமல் ரீஸ்டார்ட் ஆகிறது.

காரணம் பெரும்பாலும் அடாப்டரில் இருக்கும். பை 4க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும்; பை 5க்கு 5 ஆம்பியர் தருவது. செல்போன் சார்ஜரும் மெல்லிய கேபிளும் போட்டால் சுமை கூடும் நேரத்தில் மின்னழுத்தம் இறங்கிவிடும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை அதைக் குறித்துவைக்கிறது. ‘விசிஜென்சிஎம்டி’ கட்டளையில் ‘கெட்_த்ராட்டில்ட்’ என்று கேட்டால் ஓர் எண் வரும். சுழியம் வந்தால் குறையில்லை. 50005 என்று வந்தால் இந்த நிமிடமே மின்னழுத்தம் குறைவாக இருக்கிறது, வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது. 50000 என்று வந்தால் இப்போது சரியாக இருக்கிறது, ஆனால் கடைசியாக ஆன் செய்ததிலிருந்து எப்போதோ குறைந்திருக்கிறது. இந்த இரண்டாவது விடைதான் பலரை ஏமாற்றும், ஏனென்றால் பார்க்கும் நேரத்தில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும்.

எஸ்எஸ்டிக்கும் அதே வழியாகத்தான் மின்சாரம் போகிறது என்பதை மறக்க வேண்டாம். பை 4இன் நான்கு யூஎஸ்பி போர்ட்டுகளுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான். பை 5இல் 3 ஆம்பியர் அடாப்டர் போட்டால் யூஎஸ்பிக்கு 0.6 ஆம்பியரும், 5 ஆம்பியர் அடாப்டர் போட்டால் 1.6 ஆம்பியரும் கிடைக்கும். உறைக்குள் வைத்த என்விஎம்இ வட்டு (வேகம் கூடிய எஸ்எஸ்டி வகை) முழு வேகத்தில் எழுதும்போது இதைத் தாண்டிவிடக்கூடும். அப்போது பை ஓடிக்கொண்டே இருக்கும், வட்டு மட்டும் காணாமல் போகும்.

எந்த வட்டு போடலாம்? பழைய ஹார்ட் டிஸ்க் சும்மா கிடக்கிறதே.

ஒவ்வொரு பரிவர்த்தனையையும் சரிபார்க்க, அது செலவழிக்கும் தொகை உண்மையில் இருக்கிறதா என்று 10 ஜிபிக்கு மேற்பட்ட பட்டியலில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தேட வேண்டியிருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கின் முள் இந்த அலைச்சலுக்குத் தாங்காது; எல்லா பிளாக்குகளையும் இறக்கிச் சரிபார்க்கும் முதல் ஒத்திசைவு வாரக்கணக்கில் இழுக்கும், அதிலும் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி எழுதும் எஸ்எம்ஆர் வகை வட்டாக இருந்தால் சொல்லவே வேண்டாம். ஆனால் பிளாக் கோப்புகளை மட்டும் ஹார்ட் டிஸ்க்கிலும், பட்டியலை எஸ்எஸ்டியிலும் பிரித்து வைக்க பிட்காயின் கோரில் ‘பிளாக்ஸ்டிர்’ என்ற அமைப்பு இருக்கிறது. 250 ஜிபி எஸ்எஸ்டியும் 2 டிபி ஹார்ட் டிஸ்க்கும் கையில் உள்ளவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு.

எஸ்எஸ்டியிலும் வேறுபாடு உண்டு. ஒரு செல்லில் நான்கு பிட் அடைக்கும் க்யூஎல்சி வகையில், உள்ளே டிராம் என்ற துணை நினைவகம் இல்லாமல் வரும் மலிவான வட்டுகள் முதல் சில பத்து ஜிபி வரை வேகமாக எழுதிவிட்டுப் பிறகு படுத்துவிடும். ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகையில் டிராம் உள்ளதாகப் பார்த்து வாங்குவது கொடுத்த காசுக்கு நியாயம். எஸ்டி கார்டில் பிளாக்செயின் வைப்பதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வைக்காதீர்கள்.

எஸ்எஸ்டியை மாற்றிய பிறகும் அதே பிழை வருகிறது. புதிய வட்டும் கெட்டதா?

அநேகமாக இருக்காது. வட்டைக் குறை சொல்லும் முன் அதற்குப் போகும் வழியைப் பார்க்க வேண்டும். சேட்டா கேபிளில் நேரடியாக இணைத்த வட்டென்றால், வட்டு தன் நலத்தைப் பற்றித் தரும் ஸ்மார்ட் அறிக்கையில் 199ஆம் எண்ணுள்ள சிஆர்சி பிழை (தரவு பரிமாற்றப் பிழை) எண்ணிக்கையைப் பாருங்கள். இடம் மாற்றப்பட்ட செக்டர்கள் சுழியமாக இருந்து, இந்த எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனால் கெட்டது கேபிள். வட்டு நன்றாகவே இருக்கிறது. புதிய கேபிள் போட்டதும் எண் குறையாது, ஆனால் ஏறுவது நிற்கும். அதுதான் அடையாளம்.

யூஎஸ்பி உறையில் உள்ள வட்டென்றால், லினக்ஸின் மையமான கெர்னலின் பதிவைப் பாருங்கள். யூஎஸ்பி சாதனம் ரீசெட் ஆனதாக வரிசையாகச் செய்திகள் இருந்தால், உறைக்குள் இருக்கும் மாற்றிச் சிப்புக்கும் யூஎஸ்பி வட்டுகளை வேகமாகக் கையாளும் லினக்ஸின் யுஏஎஸ் டிரைவருக்கும் ஒத்துவரவில்லை என்று கொள்ளலாம். பை 4 வந்த புதிதில் ஜேமைக்ரான் சிப் உள்ள பல உறைகளில் இந்தத் தொல்லை பரவலாக இருந்தது. அந்தச் சாதனத்துக்கு மட்டும் யுஏஎஸ் வேண்டாம் என்று பூட் அமைப்பில் ஒரு வரி சேர்த்தால் வேகம் சற்றுக் குறையும், ரீசெட் நின்றுவிடும். இன்னொரு சிறு குறிப்பு: யூஎஸ்பி 3 இணைப்பு எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் குழப்பும். எஸ்எஸ்டி செருகியதும் வைஃபை தடுமாறினால் லேன் கேபிளுக்கு மாறிவிடுங்கள்.

நான் முறையாகத்தான் ஷட்டவுன் செய்கிறேன். பிறகும் தொடங்கும்போது பழைய பிளாக்குகளை மறுபடி ஓட்டுகிறதே?

நீங்கள் முறையாக நிறுத்தச் சொன்னீர்கள். இயங்குதளம் பொறுமையாகக் காத்திருந்ததா என்பதே கேள்வி. நிறுத்தச் சொன்னதும் நோடு நினைவகத்தில் உள்ள அனைத்தையும் வட்டுக்கு எழுதத் தொடங்கும். மெதுவான வட்டில், பெரிய கேஷ் (எழுதுவதற்குமுன் தரவு சேரும் நினைவக இடம்) வைத்திருந்தால், இதற்குப் பல நிமிடம் ஆகலாம். லினக்ஸில் நிரல்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி வழக்கமாக 90 நொடிதான் பொறுக்கும், பிறகு கொன்றுவிடும். நிரல்களைத் தனிப் பெட்டியில் ஓட்டும் டாக்கர் 10 நொடிகூடத் தாண்டவிடாது. பிட்காயின் கோருடன் வரும் மாதிரி சர்வீஸ் கோப்பில் இந்தக் காலம் 600 நொடி என்று இருப்பது இதற்காகத்தான். சொந்தமாக சர்வீஸ் கோப்பு எழுதியவர்களும், டாக்கரில் ஓட்டுபவர்களும் அந்த எண்ணைத் தங்கள் அமைப்பிலும் வைத்துக்கொள்ள வேண்டும். பதிவுக் கோப்பின் கடைசி வரியில் ‘ஷட்டவுன்: முடிந்தது’ என்ற பொருளில் செய்தி இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இல்லையென்றால் நோடு தானாக நிற்கவில்லை, நிறுத்தப்பட்டிருக்கிறது.

டிபிகேஷ் அளவைக் கூட்டினால் வேகம் வரும் என்றார்கள். கூட்டினேன், நோடு இரவில் செத்துப்போகிறது.

நினைவகம் தீர்ந்ததால் லினக்ஸ் கெர்னல் அதைக் கொன்றிருக்கும். கெர்னல் பதிவில் அது அப்படியே எழுதியிருக்கும். ‘டிபிகேஷ்’ என்பது இந்தக் கேஷின் அளவு; 30 வரையான பதிப்புகளில் இயல்பான அளவு 450 எம்பி. அதற்கு மேல், இன்னும் பிளாக்கில் சேராத பரிவர்த்தனைகள் காத்திருக்கும் மெம்பூலுக்கு 300 எம்பி, ஒவ்வோர் இணைப்புக்கும் கொஞ்சம், கூடவே வாலெட் செயலிகளுக்குப் பதில் சொல்லும் எலக்ட்ரம் சர்வரும் லைட்னிங்கும் ஓடினால் அவற்றின் பங்கு. 4 ஜிபி உள்ள பையில் கேஷுக்கு 3 ஜிபி கொடுத்தால் மீதிப் பேருக்கு எங்கே இடம்? முதல் ஒத்திசைவின்போது, வேறெதுவும் ஓடாத நிலையில் கூட்டிவைப்பது உண்மையிலேயே பலன் தரும். ஒத்திசைவு முடிந்த நாளிலேயே பழைய அளவுக்கு இறக்கிவிடுங்கள். அதன்பின் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக்கைச் சரிபார்க்கப் பெரிய கேஷ் தேவையில்லை.

நோடு ஓடுகிறது, இணைப்புகளும் இருக்கின்றன, ஆனால் ஒரே பிளாக்கில் நின்றுவிட்டது. ஏன்?

இது கவனமாக ஆராய வேண்டிய கோளாறு. இரண்டு காரணங்களை முதலில் பாருங்கள்.

முதலாவது கடிகாரம். தன் கடிகாரத்தைவிட 2 மணி நேரத்துக்கு மேல் முன்னால் உள்ள நேரமுத்திரையுடன் வரும் பிளாக்கை நோடு ஏற்காது. பை 4இல் பேட்டரியுடன் கூடிய கடிகாரம் இல்லை. ஆன் செய்ததும் இணையத்திலிருந்துதான் நேரத்தைத் தெரிந்துகொள்ளும். மின்சாரம் வந்து, பை உடனே எழுந்து, ரவுட்டர் எழத் தாமதமானால், பை மின்தடைக்கு முந்தைய நேரத்திலேயே வாழ்ந்துகொண்டிருக்கும். முன்பெல்லாம் சக நோடுகள் சொல்லும் நேரத்தைப் பார்த்து ஓரளவு திருத்திக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது. 2024இல் வந்த 27.0 பதிப்பில் அதை நீக்கி, சொந்தக் கடிகாரத்தையே நம்பும்படி செய்துவிட்டார்கள். பை 5இல் கடிகாரம் உண்டு, பேட்டரியைத் தனியாக வாங்கி இணைக்க வேண்டும்.

இரண்டாவது, நினைவகப் பிழை. ரேமில் ஒரே ஒரு பிட் புரண்டாலும், சரியான கையொப்பம் தவறானதாகத் தெரியும். அந்தப் பிளாக்கை நோடு ‘செல்லாதது’ என்று குறித்துவிட்டு, அதன்மேல் வரும் எதையும் ஏற்காது. உலகமே தவறான சங்கிலியில் போய்க்கொண்டிருப்பதாகவும் தான் மட்டும் சரியாக இருப்பதாகவும் அது நம்பும். ‘கெட்செயின்டிப்ஸ்’ கட்டளையின் விடையில் நீளமான கிளை ஒன்று செல்லாதது என்று குறிக்கப்பட்டிருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. ‘ரீகன்சிடர்பிளாக்’ கட்டளையில் அந்தப் பிளாக்கின் அடையாளமான ஹாஷைக் கொடுத்தால் மறுபடி சரிபார்க்கும். பெரும்பாலும் இரண்டாம் முறை தேறிவிடும். தேறிவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்டை ஓர் இரவு முழுக்க ஓட்டிப் பாருங்கள். அதிவேகத்துக்குத் தள்ளிய ரேமை இயல்பு வேகத்துக்கு இறக்கியதும் இந்தக் கோளாறு மறைவதும் உண்டு. மற்ற வேலைகளில் மாதக்கணக்கில் வெளியே தெரியாத ரேம் குறையை நோடு முதல் வாரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

ரீஇண்டெக்ஸ் செய்வதா, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இறக்குவதா?

பிளாக் கோப்புகள் நன்றாக இருந்து பட்டியல் மட்டும் கெட்டிருந்தால், பட்டியலை மட்டும் திரும்பக் கட்டும் ‘ரீஇண்டெக்ஸ்-செயின்ஸ்டேட்’ போதும். பிளாக் அட்டவணையும் கெட்டிருந்தால் முழு ரீஇண்டெக்ஸ். இரண்டிலும் இணையத் தரவு மிச்சம், நேரம் அவ்வளவாக மிச்சமாகாது, ஏனென்றால் சரிபார்க்கும் வேலை மறுபடி முதலிலிருந்து நடக்கிறது. பழைய பிளாக்குகளை நீக்கிவிடும் புரூன் முறையில் ஓடும் நோடுக்கு இந்தச் சலுகையும் இல்லை. எல்லாவற்றையும் மறுபடி இறக்கித்தான் ஆகவேண்டும்.

வீட்டில் உங்களுடைய இன்னொரு நோடு இருந்தால், இரண்டையும் நிறுத்திவிட்டு பிளாக், பட்டியல் கோப்புறைகளை நகலெடுக்கலாம். ஓடும் நோடிலிருந்து நகலெடுத்தால் கெட்ட நகல்தான் கிடைக்கும். முன்பின் தெரியாதவர் தரும் ‘தயார் பிளாக்செயினை’ வாங்கிப் போடுவதை நான் ஏற்கமாட்டேன். அந்தப் பட்டியலை உங்கள் நோடு சரிபார்க்காமல் அப்படியே நம்பிவிடும், பிறகு முழு நோடு ஓட்டுவதற்கே பொருளில்லை. அவசரம் என்றால் 28.0 பதிப்பிலிருந்து முதன்மை வலைப்பின்னலில் இயங்கும் ‘அஸ்யூம்யுடிஎக்ஸ்ஓ’ இருக்கிறது: 840,000ஆம் பிளாக் நிலவரப் பட்டியலின் ஹாஷ் மென்பொருளிலேயே பதிக்கப்பட்டிருப்பதால், யார் கொடுத்த பிரதியானாலும் மாறியிருந்தால் பிடிபட்டுவிடும். அதிலிருந்து நோடு உடனே வேலை தொடங்கும், பின்னணியில் பழையதையும் சரிபார்த்துக்கொண்டே வரும்.

உள்வரும் இணைப்புகள் சுழியமாகவே இருக்கின்றன.

அதனால் உங்கள் நோடுக்குக் குறையொன்றும் இல்லை. நோடு தானாகவே வெளியே 8 முழு இணைப்புகளையும், பிளாக்குகளுக்கு மட்டுமான 2 இணைப்புகளையும் ஏற்படுத்திக்கொள்ளும். சரிபார்க்க அவையே போதும். மற்றவர்களுக்கும் உதவ வேண்டுமென்றால்தான் 8333 போர்ட் திறந்திருக்க வேண்டும்.

ரவுட்டரில் போர்ட்டைத் திறந்த பிறகும் சுழியமாகவே இருந்தால், ரவுட்டரின் வெளி ஐபி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள்: ஒரே பொது முகவரியை நிறுவனம் பல வீடுகளுக்குப் பங்கிட்டிருக்கிறது. நம் ஊர் பிராட்பேண்ட் இணைப்புகளில் இது சாதாரணம். ரவுட்டரில் எதைத் திறந்தாலும் பயனில்லை. ஐபிவி6 கிடைத்தால் அதன் ஃபயர்வாலில் 8333ஐத் திறக்கலாம். அதுவும் இல்லையென்றால் முகவரியை மறைத்து இணைக்கும் வலைப்பின்னலான டோர். டோர் வழி வரும் இணைப்புக்கு எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை, வீட்டு முகவரியும் வெளியே தெரியாது. வேகம் குறைவு, முதல் ஒத்திசைவை மட்டும் நேரடி இணைப்பில் முடித்துக்கொள்வது உசிதம்.

மாதக் கடைசியில் இணைய வேகம் விழுந்துவிடுகிறது. நோடுதான் காரணமா?

உள்வரும் இணைப்புகளை ஏற்கும் நோடென்றால் ஆம், இருக்கலாம். புதிதாகத் தொடங்கும் நோடுகள் பழைய பிளாக்குகளை உங்களிடமிருந்து இறக்கிக்கொள்ளும்; பதிவேற்றம் மாதத்துக்குப் பல நூறு ஜிபி போவது இயல்பு. ‘வரம்பற்றது’ என்று விற்கும் பல திட்டங்களில் 3300 ஜிபி என்ற நியாயப் பயன்பாட்டு வரம்பு சிறிய எழுத்தில் இருக்கும். ‘மேக்ஸ்அப்லோட்டார்கெட்’ அமைப்பில் 24 மணி நேரத்துக்கு இத்தனை எம்பி என்று வைத்தால், அந்த அளவு நெருங்கியதும் ஒரு வாரத்துக்கு மேற்பட்ட பழைய பிளாக்குகளைக் கொடுப்பதை நோடு நிறுத்திக்கொள்ளும். புதியவற்றைத் தொடர்ந்து கொடுக்கும்.

1 டிபி எஸ்எஸ்டி இன்னும் எத்தனை நாள் தாங்கும்?

நாளொன்றுக்கு ஏறக்குறைய 144 பிளாக்குகள். ஒவ்வொன்றும் சராசரியாக ஒன்றரை முதல் இரண்டு எம்பி. ஆண்டுக்கு 80 முதல் 100 ஜிபி கூடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கடையில் 1 டிபி என்று வாங்கியது கணினியில் 931 என்றுதான் தெரியும். 2025இன் பிற்பாதியில் பிளாக்செயின் 700 ஜிபியை ஒட்டி வந்துவிட்டது. அதோடு பரிவர்த்தனை அட்டவணையும் எலக்ட்ரம் சர்வரும் வைத்தால் கணக்கு ஒன்றிரண்டு ஆண்டுகளில் முடிந்துவிடும். இடம் தீர்ந்தால் பிட்காயின் கோர் தானாகவே நின்றுகொள்ளும், கெடுக்காது. அதே வட்டில் உள்ள லைட்னிங் தரவுத்தளத்துக்கு அந்த உத்தரவாதம் இல்லை. புதிதாக வாங்குபவர்கள் 2 டிபி வாங்குங்கள். வாங்க முடியாதவர்கள் புரூன் செய்யலாம், 550 எம்பி வரைகூட இறக்கலாம். சரிபார்ப்பில் எந்தக் குறையும் வராது.

விண்டோஸில் ஓட்டுவது சரியா?

ஓடும். தூக்க நிலையையும், தானாக ரீஸ்டார்ட் ஆகும் அப்டேட் நேரத்தையும் கட்டுப்படுத்த வேண்டும். ஆன்டிவைரஸ் மென்பொருளிடம் தரவுக் கோப்புறையை விலக்கி வைக்கச் சொல்ல வேண்டும். 2014இல் யாரோ ‘ஸ்டோன்ட்’ என்ற பழைய டாஸ் வைரஸின் அடையாளத்தை மட்டும் பிளாக்செயினில் பதித்துவைக்க, மைக்ரோசாஃப்ட்டின் பாதுகாப்பு மென்பொருள் பிளாக் கோப்புகளையே வைரஸ் என்று பிடித்தது. வைரஸ் அங்கே இல்லை, அடையாளம்தான் இருந்தது. இந்த வகைத் தொல்லைக்காகவே 2016இல் 0.12 பதிப்பிலிருந்து பட்டியலையும், 28.0 பதிப்பிலிருந்து பிளாக் கோப்புகளையும் உருமாற்றி எழுதுகிறார்கள்.

கோடையில் மட்டும் மெதுவாகிறது.

வெப்பம். பை 80 டிகிரியைத் தொட்டதும் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும், என்விஎம்இ வட்டும் அப்படியே. மே மாத அறையில் டிவி அலமாரிக்குள் வைத்தால் வேறென்ன நடக்கும்? வெளியே எடுத்து, விசிறி உள்ள உறையில் வையுங்கள்.

ஓடுவதைத் தொடாதே என்பார்கள். அப்டேட் செய்யாமல் விடலாமா?

0.8 பதிப்பு லெவல்டிபிக்கு மாறிய பின், 2013 மார்ச்சில், பெர்க்லிடிபி என்ற முந்தைய தரவுத்தளத்தில் ஓடிய பழைய பதிப்புகள் கையாள முடியாத பெரிய பிளாக் ஒன்றைப் புதியவை ஏற்றுக்கொண்டன. சங்கிலியே சில மணி நேரம் இரண்டாகப் பிரிந்தது. அன்று சிக்கலை உண்டாக்கியது புதிய பதிப்பு என்று சொல்லலாம். 2018 செப்டம்பரில் நிலைமை தலைகீழ்: நோடுகளைச் செயலிழக்கச் செய்யவும், ஒரே தொகையை இருமுறை செலவழித்து இல்லாத நாணயத்தை உருவாக்கவும் இடம் கொடுத்த குறை பழைய பதிப்புகளில் இருந்தது, 0.16.3 அதை அடைத்தது. ஆகவே வெளிவந்த அன்றே தாவவும் வேண்டாம், ஆண்டுக்கணக்கில் விட்டுவிடவும் வேண்டாம். பெரிய பதிப்புக்கு முதல் திருத்தப் பதிப்பு வரும்வரை காத்திருப்பது என் வழக்கம். பாதுகாப்புத் திருத்தம் என்று அறிவித்தால் அன்றே மாற்றிவிடுவேன்.

லைட்னிங் ஓட்டுகிறேன். எனக்கு இதெல்லாம் பொருந்துமா?

உங்களுக்குத்தான் கூடுதலாகப் பொருந்தும். சானலின் பழைய நிலையை வெளியிடுவது ஏமாற்று வேலையாகக் கருதப்பட்டு, எதிர்த்தரப்பு சானலில் உள்ள முழுத் தொகையையும் எடுத்துக்கொள்ளலாம் என்பதே லைட்னிங்கின் அடிப்படை விதி. ஆகவே நேற்று எடுத்த தரவுத்தள நகலை இன்று மீட்டெடுப்பது, பேக்கப் இல்லாமல் இருப்பதைவிட ஆபத்தானது. லைட்னிங் மென்பொருளான எல்என்டியில் இதற்கென ‘நிலையான சானல் பேக்கப்’ என்ற சிறு கோப்பு உண்டு. சானல் திறக்கும்போதும் மூடும்போதும் அது மாறும், மாறிய உடனே வீட்டுக்கு வெளியே ஓரிடத்துக்குத் தானாக நகலாகும்படி வையுங்கள். அதைக் கொண்டு மீட்டால் சானல்கள் மூடப்பட்டுப் பணம் திரும்பும். முழுத் தரவுத்தள நகலை மட்டும் எந்த நிலையிலும் திரும்பப் போடாதீர்கள்.

ஓரிரு மணி நேரம் நின்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நாட்கணக்கில் வெளியூர் போவதென்றால் உங்கள் சானல்களை உங்களுக்காகக் கவனிக்கும் கண்காணிப்புக் கோபுரம் (வாட்ச்டவர்) ஒன்றை இணைத்துவிட்டுப் போங்கள். 2022 அக்டோபர் 9, நவம்பர் 1 ஆகிய இரு நாட்களிலும், வழக்கத்துக்கு மாறான ஒற்றைப் பரிவர்த்தனையைப் படிக்க முடியாமல் எல்என்டி நோடுகள் புதிய பிளாக்குகளைப் பார்ப்பதையே நிறுத்தின. பிட்காயின் கோர் அந்த நேரத்திலும் இயல்பாகவே ஓடியது. கோர் ஓடுகிறது என்பதால் லைட்னிங்கும் ஓடுகிறது என்று எண்ண வேண்டாம்.

எத்தீரியம் வேலிடேட்டருக்கும் இதே கவலைகளா?

வைப்புத் தொகை கட்டி எத்தீரியத்தின் பிளாக்குகளை உறுதிசெய்யும் நிரல்தான் வேலிடேட்டர். அதற்கும் பெரும்பாலும் இவையே, ஒரு வேறுபாட்டோடு. நின்றிருக்கும் நேரத்துக்கான அபராதம், ஓடியிருந்தால் கிடைத்திருக்கும் வருவாயின் அளவை ஒட்டியதுதான். ஒரு நாள் மின்தடையால் யாரும் ஏழையாகிவிட மாட்டார்கள். உண்மையான ஆபத்து, நிற்கக்கூடாது என்ற பதற்றத்தில் அதே சாவிகளை இரண்டாவது கணினியிலும் ஓடவிடுவது. இரண்டும் ஒரே நேரத்தில் கையொப்பமிட்டால் அது ‘ஸ்லாஷிங்’ குற்றம். வைப்புத் தொகையிலேயே வெட்டு விழும், வேலிடேட்டரும் வெளியேற்றப்படும். வீட்டில் ஓட்டுபவருக்கு மாற்றுக் கணினி தயாராக இருக்கலாம், சாவி மட்டும் ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும்.

நோடு நின்றது எனக்கு எப்படித் தெரியும்?

அதே கணினியில் வைத்த கண்காணிப்பு, அந்தக் கணினியோடு சேர்ந்து செத்துவிடும். வீட்டுக்கு வெளியே உள்ள ஒரு சேவைக்கு நோடு சில நிமிடங்களுக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று செய்தி அனுப்ப வேண்டும். செய்தி வராவிட்டால் அந்தச் சேவை உங்கள் செல்போனுக்குத் தெரிவிக்க வேண்டும். ‘இருக்கிறேன்’ என்பதற்கு நிரல் ஓடுகிறது என்று மட்டும் பொருள் இருந்தால் போதாது, கடைசி பிளாக் வந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். இங்கே வரம்பை எவ்வளவு வைப்பது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். பிளாக்குகள் சராசரியாகத்தான் பத்து நிமிடத்துக்கு ஒன்று. இடைவெளி ஒரு மணி நேரத்தைத் தாண்டுவது ஏறக்குறைய மூன்று நாளுக்கு ஒருமுறை இயல்பாகவே நடக்கும். வரம்பை ஒரு மணி நேரமாக வைத்தால் வாரம் இருமுறை வீண் எச்சரிக்கை வந்து, பிறகு உண்மையான எச்சரிக்கையையும் நீங்கள் பார்க்காமல் விடுவீர்கள். இரண்டு மணி நேரமாக வைத்தால், வீண் எச்சரிக்கை சுமார் மூன்று ஆண்டுக்கு ஒன்றுதான் வரும்.